ஒடித்துத் திருப்பினால் வரும் சத்தம்

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் சாலையோரத்தில் ஒரு பழைய மாருதி 800 நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். என்ஜின் ஓடுகிறது, முதல் கியர் விழுகிறது. கிளட்சை விட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஸ்பீடோமீட்டர் முள் எழுந்து பத்து, இருபது என்று ஏறுகிறது. வண்டி மட்டும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. கூடி நிற்பவர்களில் பாதிப் பேர் "கிளட்ச் போயிருச்சு" என்பார்கள். முள்ளைக் கவனித்தவர் அப்படிச் சொல்லமாட்டார்.

இந்த வண்டியில் ஸ்பீடோமீட்டர் கேபிளை ஓட்டும் பல்சக்கரம் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் டிஃபரன்ஷியலோடு சேர்ந்து சுற்றுவது. கிளட்ச் தேய்ந்து வழுக்கினால் என்ஜின் மட்டும் கத்தும். டிஃபரன்ஷியல் சுற்றாது, முள் படுத்தே கிடக்கும். முள் எழுந்தால், என்ஜின் தந்த விசை கிளட்சையும் கியரையும் தாண்டி டிஃபரன்ஷியல் வரை வந்துவிட்டது என்று பொருள். அதற்கும் சக்கரத்துக்கும் நடுவே பக்கத்துக்கு ஒரு தண்டுதான் மிச்சம். பட்டறையில் அதை ஆக்ஸில் என்பார்கள். உதிரிபாகக் கடையில் டிரைவ் ஷாஃப்ட் என்று கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். அதன் இரு முனைகளிலும் ஒவ்வொரு ஜாயிண்ட். அவற்றில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

சரி, அடுத்த பக்கத்துத் தண்டு நன்றாகத்தானே இருக்கிறது, அதுவாவது வண்டியை இழுக்கக் கூடாதா? இழுக்காது. வளைவில் திரும்பும்போது இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுப்பது டிஃபரன்ஷியலின் வேலை. அந்த அமைப்பில் திருகுவிசை இரு பக்கத்துக்கும் சமமாகத்தான் பிரியும். ஒரு பக்கம் எதிர்ப்பே இல்லாமல் சும்மா சுற்றினால் அங்கே செல்லும் விசை ஏறக்குறைய பூஜ்யம்; எனவே மறுபக்கத்துக்கும் பூஜ்யம்தான். நல்ல சக்கரம் அசையாமல் நிற்க, அறுந்த பக்கம் டிஃபரன்ஷியல் கூட்டைப்போல இரு மடங்கு வேகத்தில் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். இதே காரணத்தால் அந்த வண்டியைச் சரிவில் கியரில் போட்டு நிறுத்தினால் நிற்காது, உருண்டுவிடும். ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களைப் பிடிக்கிறது என்பதால் அதை நம்பலாம். இருந்தாலும் சக்கரத்துக்கு ஒரு கட்டையை அண்டக் கொடுத்துவிட்டுத்தான் கீழே குனிய வேண்டும்.

இப்படி நடுவழியில் அறுந்துபோவது அபூர்வம். பெரும்பாலும் மாதக்கணக்கில் சத்தம் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் ஜாயிண்ட் விடும். அந்தச் சத்தம் ஏன் வருகிறது, ஏன் திருப்பும்போது மட்டும் வருகிறது என்பது தெரிந்தால், வண்டியைக் கழற்றாமலேயே எந்தப் பக்கம், எந்த முனை என்று பாதிக்கு மேல் கண்டுபிடித்துவிடலாம்.

முன் சக்கரம் இழுக்கும் கார் நம் ஊர்ச் சாலைகளில் பரவலானது மாருதியோடுதான். 1983 டிசம்பர் 14 அன்று டெல்லியில் முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி வழங்கினார். அதுவரை கார் என்றால் அம்பாசடர், அல்லது பத்மினி. இரண்டிலும் பின் சக்கரம் தள்ளும், முன் சக்கரம் திரும்பும், ஒன்றின் வேலையில் மற்றொன்று தலையிடாது. மாருதி 800-இன் தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றது. கடைசியாக வந்த வண்டிக்கே இப்போது பத்து வயதுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் அரியலூர், பெரம்பலூர், குன்னம், செந்துறை பக்கம் இன்னும் அவை ஓடுகின்றன. நம்பர் பிளேட்டில் மாவட்டங்களின் கதையே எழுதியிருக்கும். பெரம்பலூர் 1995-இல் திருச்சியிலிருந்து பிரிந்தது. அரியலூர் 2001-இல் பிரிந்து, 2002-இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டு, 2007 நவம்பரில் மீண்டும் தனி மாவட்டமானது. ஆகவே ஒரே அரியலூர்த் தெருவில் டி.என். 45, டி.என். 46, டி.என். 61 மூன்றையும் பார்க்கலாம். 45 என்று இருந்தால் பெரும்பாலும் அதுதான் மூத்தது.

மாருதியைப்போல முன் சக்கரத்தையே சுற்றவும் வைக்க வேண்டும், திருப்பவும் வேண்டும் என்றால் தண்டை எங்கோ வளைத்தாக வேண்டும். கோணத்தில் சந்திக்கும் இரண்டு தண்டுகளை இணைக்கும் பழைய வழி, கூட்டல் குறி வடிவத்தில் ஒரு துண்டை நடுவே வைத்து இரு பக்கமும் கவைகளால் பிடிப்பது. யுனிவர்சல் ஜாயிண்ட் என்று லாரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியரான கார்டானோவின் பெயராலும், பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயரான ராபர்ட் ஹூக்கின் பெயராலும் அதை அழைப்பார்கள். ஹூக் அதில் ஒரு குறையைக் கண்டறிந்தார். ஒரு தண்டு சீராகச் சுற்றினாலும் மற்றது சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடி, இருமுறை குறையும். கோணம் சிறியதாக இருந்தால் தெரியாது. 30 டிகிரிக்குப் போனால் வேகம் 15 விழுக்காடு கூடி 13 விழுக்காடு குறையும். அதாவது மணிக்கு 40 கிலோமீட்டரில் உருள வேண்டிய சக்கரம், ஒவ்வொரு சுற்றிலும் 35-க்கும் 46-க்கும் இடையே இருமுறை தாவ வேண்டும். ஸ்டீயரிங் கையைவிட்டுத் துள்ளும், டயர் தேயும், கியர்பல் உடையும். அம்பாசடரின் நீண்ட தண்டில் கோணம் சில டிகிரிதான். அதோடு ஒரு ஜாயிண்டின் ஏற்றத்தாழ்வை மற்றொன்று ஈடுகட்டும்படி முன்னும் பின்னுமாக இரண்டை வைத்திருப்பார்கள். முன் சக்கரத்தில் அந்தத் தந்திரத்துக்கு இடமில்லை.

இதற்கான தீர்வு 1920-களின் நடுவில், கிட்டத்தட்ட ஒரே சமயத்தில், அட்லாண்டிக்கின் இரு கரையிலும் பிறந்தது. பிரான்சில் கிரகுவாரும் ஃபெனாயும் டிராக்டா ஜாயிண்டைச் செய்தார்கள். அமெரிக்காவில் ஆல்ஃபிரட் செப்பா என்ற பொறியாளர் குண்டுகளை வைத்து ஒன்றைச் செய்தார். இரண்டாம் உலகப்போர் ஜீப்புகளின் முன் அச்சில் இவை இரண்டும் ஓடின. 1959-இல் பிரிட்டனின் மினி, செப்பாவின் வகையைச் சின்னக் காருக்குள் கொண்டுவந்த பிறகு உலகமே அந்த வழிக்குப் போய்விட்டது. மாருதியின் சக்கரப் பக்கத்தில் இருப்பதும் அதே குடும்பம்தான். பட்டறைகளில் சி.வி. ஜாயிண்ட் என்பது இதைத்தான்.

அதன் உள்ளே என்ன இருக்கிறது? மணி வடிவில் ஒரு கிண்ணம். கிண்ணத்தின் உட்சுவரில் வளைந்த ஆறு தடங்கள். அதற்குள்ளே உருண்டையான ஒரு கட்டி. அதன் மேல்புறத்திலும் ஆறு தடங்கள். எதிரெதிர்த் தடங்களுக்கு நடுவே ஆறு எஃகுக் குண்டுகள். குண்டுகளை வரிசை குலையாமல் பிடித்துக்கொள்ள ஆறு ஜன்னல் வெட்டிய ஒரு வளையம், அதாவது கேஜ். தண்டு எந்தக் கோணத்தில் வளைந்தாலும் ஆறு குண்டுகளும் அந்தக் கோணத்தைச் சரிபாதியாக வெட்டும் தளத்திலேயே போய் நிற்கும்படி தடங்களின் வளைவைக் கணக்குப் போட்டு வெட்டியிருப்பார்கள். பாதித் தளத்தில் நிற்கும் குண்டு இரண்டு தண்டுகளின் அச்சிலிருந்தும் ஒரே தூரத்தில் இருக்கும். ஒரே குண்டு, ஒரே தூரம், எனவே இரண்டு தண்டும் ஒரே வேகம். நுணுக்கம் எல்லாம் அந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. ஆனால் தடத்தின் வளைவை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குத் துல்லியத்தில் வெட்ட முடிந்தால்தான் அது எஃகில் நடக்கும். லேத் இருக்கிறதே, ஊரிலேயே தேய்த்துச் சரிசெய்துகொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

அந்தக் குண்டுகள் தாங்கும் சுமையையும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாருதி 800 என்ஜினின் உச்சத் திருகுவிசை 59 நியூட்டன் மீட்டர்தான். முதல் கியரும் டிஃபரன்ஷியலும் சேர்ந்து அதை ஏறக்குறைய 15 மடங்கு ஆக்கும். இரு பக்கமும் பிரித்தால் பக்கத்துக்கு 440 வரும். குண்டுகள் மையத்திலிருந்து மூன்று சென்டிமீட்டர் தள்ளி நிற்பதாகக் கொண்டால், ஒவ்வொரு குண்டின் மேலும் சுமார் 250 கிலோ எடை ஏறி நிற்பதற்குச் சமம். அந்த எடை முழுவதும் சில சதுர மில்லிமீட்டர் பரப்பில் இறங்குகிறது. நடுவில் எஃகையும் எஃகையும் ஒட்டவிடாமல் பிரித்து வைத்திருப்பது கிரீஸ் படலம் ஒன்றே.

இனி சத்தத்துக்கு வருவோம். நேர்சாலையில் ஓடும்போது ஜாயிண்ட் அதிகம் வளைவதில்லை. குண்டுகள் தடத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றபடி சுமை கடத்துகின்றன. வண்டியின் ஆயுளில் பெரும்பகுதி நேர் ஓட்டம்தான் என்பதால் தேய்மானமும் அந்த ஒரே இடத்தில் விழுகிறது. நாளடைவில் தடத்தின் நடுவே மெல்லிய குழி. நேராகப் போகும்வரை குண்டு தன் குழிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதால் சத்தமில்லை. ஸ்டீயரிங்கை ஒடித்ததும், ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு குண்டும் தடத்தில் முன்னும் பின்னும் நெடுக ஓடியாக வேண்டும். குழியின் விளிம்பில் ஏறும், மறுபடி உள்ளே விழும், தளர்ந்த கேஜ் ஜன்னலில் மோதும். அதுதான் டக், டக், டக். சுமை இருந்தால் பலமாகக் கேட்கும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சட்டென்று அடங்கும்.

சத்தத்தை எண்ணவும் செய்யலாம். மாருதியின் 145/70 ஆர்12 டயரின் சுற்றளவு சுமார் 1.6 மீட்டர். மணிக்குப் பத்து கிலோமீட்டரில் சக்கரம் நொடிக்கு இரண்டு சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றும். ஒரே ஒரு தடம் மட்டும் கெட்டிருந்தால் நொடிக்கு ஏறத்தாழ இரண்டு டக். ஆறும் கெட்டிருந்தால் எண்ண முடியாது, கடகடவென்று ஒரே இரைச்சல். வேகம் கூடக்கூட டக்கும் கூடினால் அது சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று. மேடு பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் வந்தால் அது சக்கரத்தோடு சுற்றுவது அல்ல. லோயர் ஆர்ம் பால் ஜாயிண்டையோ சஸ்பென்ஷன் புஷ்ஷையோ பார்க்க வேண்டும்.

அனுபவமுள்ள மெக்கானிக் வண்டியைத் தொடும் முன்னால் கேட்பதெல்லாம் இதைப் பிரிக்கத்தான். "நேராப் போறப்ப வருதாண்ணே, ஒடிக்கிறப்ப வருதா? ஆக்ஸிலரேட்டர் குடுத்தா கூடுதா?" ஒடித்து வேகம் கொடுத்தால் டக் டக் என்றால் சக்கரப் பக்கத்து ஜாயிண்ட். நேராகப் போகும்போது, வேகமெடுக்கையில் மட்டும் முன்பக்கம் உதறி, காலை எடுத்தால் நின்றுவிட்டால் கியர்பாக்ஸ் பக்கத்து ஜாயிண்ட். அது வேறு வகை. சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது தண்டு நீளவும் குறுகவும் வேண்டும் என்பதால் உள்ளே நழுவி ஓடும்படி செய்திருப்பார்கள். காலியான சாலையில் ஊ என்று ஒரே சீராக ஓலமிட்டு, காலை எடுத்தாலும் தொடர்ந்தால் வீல் பேரிங். முன்கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது ஒரு முறை மட்டும் 'டங்' என்றால் உட்பக்க ஜாயிண்ட்டாகவும் இருக்கலாம், என்ஜின் மவுண்ட்டாகவும் இருக்கலாம். அவசரப்பட்டு ஆக்ஸில் வாங்கிவிடக் கூடாது.

இடதா வலதா என்பதில் பட்டறைக்குப் பட்டறை வாக்குவாதம் நடக்கும். இடப்புறம் ஒடித்தால் வண்டியின் எடை வலப்பக்கம் சாயும், அந்தச் சக்கரம் சாலையை அழுத்திப் பிடிக்கும், ஆகவே வலப்பக்க ஜாயிண்ட்தான் சத்தம் போடும் என்பது பொதுவான கணக்கு. பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் திரும்பும் பக்கத்துச் சக்கரம் அதிகக் கோணத்தில் மடங்குகிறது. மிகவும் தேய்ந்த ஜாயிண்ட் அந்தப் பக்கத்திலிருந்தும் கத்தும். எனவே அந்தக் கணக்கை முடிவாக எடுத்துக்கொள்ளாமல், வண்டியை ஜாக்கியில் தூக்கித் தண்டைக் கையால் பிடித்துத் திருகி ஆட்டம் பார்ப்பதே சரி. முன்னால் போகும்போது தடத்தின் ஒரு விளிம்பில் சுமை, ரிவர்ஸில் மறு விளிம்பில் சுமை. இரண்டு திசையிலும் வட்டமடித்துப் பார்த்தால் தேய்ந்தது எந்த விளிம்பு என்றும் தெரியும். ஜாயிண்டைத் தண்டிலிருந்து பிரிக்க முடிகிற வண்டிகளில் பழைய மெக்கானிக்குகள் இதை வைத்து ஒரு வித்தை செய்வார்கள். இடது ஜாயிண்டை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் மாட்டினால், தேயாத விளிம்பு சுமைக்கு வந்துவிடும். கேஜ் நன்றாக இருந்தால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும். ஏமாற்று வேலை என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது வடிவியலைப் புரிந்துகொண்டவன் செய்கிற வேலையாகத்தான் படுகிறது.

அரியலூரில் இந்த ஜாயிண்டுகள் சீக்கிரம் போகின்றன என்று ஓட்டுநர்கள் சொல்வதுண்டு. கேட்டால் "சிமெண்ட் தூசி" என்பார்கள். ஆலைகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் டிப்பர் லாரிகளும் இருக்கும் ஊரில் யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். கொஞ்சம் நிதானித்துப் பார்த்தால் தூசியே இரண்டு வகை. இங்கே தோண்டப்படும் சுண்ணாம்புக்கல் கிரெட்டேசியக் கடலின் மிச்சம். கல்லங்குறிச்சிப் பக்கத்துப் பாறையில் சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காகத் தெரியும். டைனோசர்கள் உலவிய காலத்தில் இங்கே அலையடித்தது. அந்தச் சிப்பிகளின் கால்சைட், கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவுகோலில் 3. கடினப்படுத்திய எஃகு ஏறக்குறைய ஆறரை. மென்மையானது கடினமானதைக் கீறாது. எனவே தூய சுண்ணாம்புத் தூள் குண்டையோ தடத்தையோ வெட்டாது. அது கிரீஸிலுள்ள எண்ணெயை உறிஞ்சி, கிரீஸை வறண்ட களிம்பாக்கி, படலத்தைக் கெடுக்கும். வெட்டுவது மணல். குவார்ட்ஸின் கடினம் 7. இந்த வட்டாரத்தில் சுண்ணாம்புக்கல்லுக்குக் கீழேயும் மேலேயும் சில்லக்குடி, கல்லமேடு போன்ற மணற்கல் அடுக்குகள் உண்டு. காற்றில் பறப்பது இரண்டின் கலவை. ஒன்று எண்ணெயைக் குடிக்கிறது, மற்றது எஃகைத் தேய்க்கிறது. தேய்ந்து விழும் எஃகுத் துகளும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

இதெல்லாம் உள்ளே போனால்தானே? ஜாயிண்டைச் சுற்றி மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை உண்டு. பூட் என்று பெயர். ஆர்மோனியத் துருத்தியைப்போல ஒரு பக்கம் விரிய மறு பக்கம் சுருங்கியபடி தண்டோடு சுற்றும். அது முழுசாக இருக்கும்வரை வெளியே எவ்வளவு தூசி பறந்தாலும் ஜாயிண்டுக்குத் தெரியாது. ஜாயிண்டின் விலையோடு ஒப்பிட்டால் பூட்டின் விலை கொசுறு. ஆனால் ஜாயிண்ட் சாவது அநேகமாக எப்போதும் பூட் கிழிவதால்தான். எஃகு வயதாகிச் சாவது குறைவு. ரப்பருக்கு வெயிலும் ஓசோனும் ஆகாது. மடிப்பின் பள்ளத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், முதலில் கீறல் விழும். பெரம்பலூர்க் கோடையில் நாள் முழுக்க வெயிலில் நிற்கும் வண்டி, அதுவும் மாதத்துக்கு ஒருமுறை கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மட்டும் எடுக்கப்படும் வண்டி, தினம் ஓடும் வண்டியைவிட இதில் அதிகம் பாதிக்கப்படலாம். மடிப்பு ஒரே வளைவில் மாதக்கணக்காகக் காய்ந்து கிடந்து, ஒருநாள் திடீரென்று விரியும்போது கிழிகிறது.

கிழிந்ததும் சுழலும் வேகத்தில் கிரீஸ் வெளியே வீசப்படும். அடையாளம் எளிது. சக்கரத்தின் உட்புறம், மட்கார்டின் உட்சுவர், லோயர் ஆர்ம் எங்கும் ஒரே வரிசையில் வட்டமாகக் கருப்புக் கிரீஸ் தெளித்திருக்கும். அரியலூரில் அதன்மேல் தூசி ஒட்டிச் சாம்பல் நிற அடையாகிவிடும். மெல்லியதாக, சொட்டுச் சொட்டாக எண்ணெய் வடிந்திருந்தால் அது கியர் ஆயில். கியர்பாக்ஸ் பக்கத்து ஆயில் சீல் போயிருக்கிறது, ஜாயிண்டோடு சம்பந்தமில்லை. பார்ப்பதற்கு ஜாக்கிகூட வேண்டாம். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து நிறுத்தி, செல்போன் வெளிச்சத்தில் மடிப்புகளை விரலால் விரித்துப் பார்த்தால் போதும். வாட்டர் சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் இதைப் பார்க்கச் சொல்லலாம். அழுத்தமான நீர்ப் பீச்சலைப் பூட்டின் மேல் நேராக அடிக்கவும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லலாம்.

கழற்றும் வேலை கடினமில்லை, நட்டுதான் கடினம். சக்கரம் மாட்டியிருக்கும் ஹப்பின் நடுவில் உள்ள ஆக்ஸில் நட்டைச் சின்னக் கார்களில் ஏறக்குறைய 150 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கியிருப்பார்கள். எழுபது கிலோ ஆள் ஒருவர் ஒரு சாண் நீளத்துக்குச் சற்று மேலான பிடியின் நுனியில் ஏறி நிற்கும் விசை. இருபது ஆண்டுத் துரு சேர்ந்திருந்தால் அதைவிடவும் கூட. ஆகவே வண்டி தரையில் நிற்கும்போதே, பிரேக்கை ஒருவர் மிதித்துக்கொள்ள, லாக் பின்னை உருவிவிட்டு நட்டைத் தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு அந்த விசையைக் கொடுத்தால் வண்டி ஜாக்கியிலிருந்து சரியும். தூக்கியதும் ஸ்டாண்ட் கொடுக்க வேண்டும். ஹாலோ பிளாக், செங்கல், சுண்ணாம்புக்கல் எதுவும் ஆகாது. அவை வளையாமல், எச்சரிக்காமல், ஒரே நொடியில் பிளக்கும். கனமான மரக்கட்டை பரவாயில்லை.

பிறகு கியர் ஆயிலை வடித்து, லோயர் ஆர்மைப் பிரித்து, ஹப்பை வெளிப்பக்கம் சாய்த்துத் தண்டின் முனையை உருவி, கியர்பாக்ஸ் பக்கத்தில் கடப்பாரை போன்ற நெம்பியால் பக்குவமாக ஒரு நெம்பு. உள்ளே ஒரு சின்ன வளையம் பிடித்துக்கொண்டிருக்கும். அது விட்டதும் தண்டு முழுசாகக் கையில் வரும். வரும்போது ஆயில் சீலின் உதட்டில் பற்கள் உரசாமல் பார்த்துக்கொள்வதில்தான் நல்ல கை எது என்று தெரியும். தண்டில்லாமல் வண்டியை உருட்டக் கூடாது. பல சின்னக் கார்களில் ஹப் பேரிங்கை இறுக்கிப் பிடித்திருப்பதே அந்த நட்டும் தண்டின் முனையும்தான். அவை இல்லாமல் எடை ஏறினால் பேரிங்கும் போய்விடும். சாலையோரத்தில் "கழட்டிப் போட்டுட்டுக் கயிறு கட்டி இழுத்துட்டுப் போயிருவோம்" என்று யாராவது சொன்னால் தடுக்க வேண்டும்.

ஜாயிண்டை மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவிக் காயவைத்து, கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு தண்டை எல்லாப் பக்கமும் மடக்கிப் பார்க்கலாம். தடம் பளபளவென்று இருப்பது இயல்பு. நகத்தை ஓட்டினால் இடறும் குழி, பொரிந்த மேற்பரப்பு, சூட்டில் நீலம் பாய்ந்த குண்டு, ஜன்னல் மூலையில் வெடிப்பு விட்ட கேஜ் இவற்றில் ஒன்று இருந்தாலும் அது முடிந்துபோன ஜாயிண்ட். கிரீஸை அடைத்துப் புதுப் பூட்டை மாட்டினால் சத்தம் சில வாரம் தணியும், திரும்ப வரும். சத்தமே இல்லாமல் பூட் மட்டும் கிழிந்து சீக்கிரம் கண்ணில் பட்டுவிட்டால் கதை வேறு. கழுவி, கிரீஸ் மாற்றி, பூட் போட்டால் ஜாயிண்ட் இன்னும் பல ஆண்டு ஓடும்.

பூட்டை மாட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. பல சின்னக் கார்களில் சக்கரப் பக்க ஜாயிண்டைத் தண்டிலிருந்து பிரிக்கக் கூடாது என்று தயாரிப்பாளரே சொல்லியிருப்பார். உட்பக்க ஜாயிண்டைக் கழற்றி, அந்த வழியாகவே இரண்டு பூட்டையும் நுழைக்க வேண்டும். இரட்டை வேலை. இதைத் தவிர்க்க நடுவில் பிளந்து ஒட்டும் பூட்டுகள் வருகின்றன. ஊர் போய்ச் சேர அவை உதவும், அதற்கு மேல் நான் நம்பமாட்டேன். ஒட்டிய தையல்தான் முதலில் விடும். கிரீஸும் ஏதோ ஒன்று போதாது. கடையில் கிடைக்கும் மஞ்சள் கிரீஸ் வீல் பேரிங்குக்குச் சரி; இங்கே மாலிப்டினம் டைசல்ஃபைட் கலந்த கருப்புக் கிரீஸ்தான் வேண்டும். அதன் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, எண்ணெய் பிதுங்கிப் போன பிறகும் எஃகைக் காக்கும். கிட்டோடு வரும் பாக்கெட் முழுவதையும், பாதியை ஜாயிண்டுக்குள் அழுத்தி, மீதியைப் பூட்டுக்குள் போடலாம். கிளாம்பை இறுக்கும் முன் சிறு வாயின் ஓரத்தில் மெல்லிய ஸ்குரூ டிரைவரை நுழைத்து உள்ளே சிக்கிய காற்றை விட வேண்டும். இல்லையென்றால் பூட் உப்பியோ உள்வாங்கியோ நின்று மடிப்பு ஒன்றோடொன்று உரசும். கிளாம்புக்குப் பதில் கட்டுக்கம்பி முறுக்குவது நம் பக்கத்துப் பழக்கம். கம்பி ரப்பரை அறுத்துவிடும். போட்ட புதுப் பூட்டைப் போட்ட கையே கிழிப்பது அது.

ஜாயிண்ட் போயே விட்டதென்றால் புதிதாகவோ, சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழையதாகவோ முழு ஆக்ஸிலாகவே வாங்கிவிடலாம். மாருதி 800-இல் இடது தண்டும் வலது தண்டும் ஒரே நீளமில்லை, பழையதைக் கையில் எடுத்துப்போய் அளந்து வாங்குவது நல்லது. பழைய தண்டு வாங்கினால் பூட் புதிதாகப் பளபளக்கிறதே என்று மயங்காமல், கழற்றித் தடத்தைக் காட்டச் சொல்ல வேண்டும். காட்ட மறுத்தால் அடுத்த கடைக்குப் போகலாம். மின்சாரக் கார் வந்துவிட்டால் இந்தத் தலைவலி போய்விடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். முன் சக்கரம் இழுக்கும் நெக்ஸான் மின்சாரக் கார் 2020-இல் வந்தபோது அதன் மோட்டார் 245 நியூட்டன் மீட்டர் கொடுத்தது, அதுவும் நின்ற நிலையிலிருந்தே. தண்டும் குண்டும் ரப்பர் உறையும் அதிலும் இருக்கின்றன.

மாட்டி முடித்ததும் கியர் ஆயிலை மறுபடி ஊற்ற மறக்கக் கூடாது, மறப்பவர்கள் இருக்கிறார்கள். நட்டின் கடைசி முறுக்கு சக்கரம் தரையில் பட்ட பிறகு, லாக் பின் புதிதாக. பிறகு ஒரு காலி மைதானத்தில் முழுக்க ஒடித்து, முதல் கியரில் இடமாக நாலு வட்டம், வலமாக நாலு வட்டம், ரிவர்ஸிலும் அதேபோல. ஒரு பக்கம் அடங்கி மறுபக்கம் மெல்லிய டக் கேட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். இரண்டு பூட்டுக்கும் ஒரே வயது, இரண்டும் அதே தூசியில் ஓடியவை. பெரிய சத்தத்தில் சின்னச் சத்தம் இதுநாள்வரை அமுங்கியிருந்திருக்கும். அந்தப் பக்கப் பூட் இன்னும் கிழியாமல் இருந்தால், அதே நாளில் அதையும் மாற்றிவிடச் சொல்வேன். கூலி கொஞ்சம் கூடும், ஜாயிண்ட் தப்பும்.